மகன் யாரோடு விளையாடினான்?

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. அங்கே 2014-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு வாலிபர் இறந்தார்.

அவர் பெயர் மேட்ஸ் ஸ்டீன். வயது 25.

சின்ன வயதிலேயே அவரை ஒரு கொடிய நோய் பிடித்துக் கொண்டது. உடம்பில் உள்ள தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலு இழந்து போகும் நோய் அது. "டுஷேன் தசை நலிவு" என்று டாக்டர்கள் அதற்குப் பெயர் சொல்லுகிறார்கள். ஓடி ஆடிய சிறுவன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு கைகளும் ஓய்ந்தன. கடைசியில் விரல்களில் மட்டும்தான் அசைவு இருந்தது.

அந்த விரல்களைக் கொண்டு அவர் என்ன செய்தார்?

கம்ப்யூட்டரில் விளையாடினார்! பகலில் விளையாடினார். இரவிலும் விளையாடினார். வாழ்வின் கடைசி 10 ஆண்டுகளில் 15 ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் விளையாடி இருக்கிறார். ஒரு மனிதர் 10 ஆண்டு வேலைக்குப் போய் உழைக்கும் நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

தகப்பனார் பெயர் ராபர்ட். தாயார் பெயர் ட்ரூடே. மகனுடைய அறையை எட்டிப் பார்ப்பார்கள். திரையில் ஏதோ ஒரு பொம்மை உருவம் ஓடிக் கொண்டு இருக்கும். நேரத்தோடு படுத்துத் தூங்க மாட்டேன் என்கிறானே என்று கவலைப்படுவார்கள்.

மகன் இறந்தான். பெற்றோரை 2 துக்கங்கள் வாட்டின. பிள்ளை போய் விட்டான் என்பது ஒரு துக்கம். அவன் வாழாமலே போய் விட்டான் என்பது இன்னொரு துக்கம். அவனுக்கு நண்பர் கிடையாது. காதல் கிடையாது. அவனால் யாருக்கும் ஒரு உதவியும் கிடையாது. இப்படித்தான் அவர்கள் எண்ணினார்கள்.

மேட்ஸ் தன் மனதில் பட்டதை எல்லாம் இண்டர்நெட்டில் ஒரு பக்கத்தில் எழுதி வந்தார். அதைத் திறக்கும் ரகசியச் சொல்லைப் பெற்றோருக்கு விட்டுச் சென்று இருந்தார். தகப்பனார் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மகன் இறந்த செய்தியை எழுதினார். தன்னுடைய இ-மெயில் முகவரியையும் போட்டார்.

ஒரு கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று வந்தது. வந்து கொண்டே இருந்தன!

எழுதியவர்கள் யாரையும் பெற்றோருக்குத் தெரியாது. வெவ்வேறு நாட்டுக்காரர்கள். ஆனால் அவர்களுக்கு எல்லாம் மேட்சைத் தெரிந்து இருந்தது. அவரை நினைத்து அழுது இருந்தார்கள். அவர் செய்த உதவிகளைப் பக்கம் பக்கமாக எழுதி இருந்தார்கள்.

சவ அடக்கத்துக்கு அவர்களில் சிலர் நேரிலேயே வந்து விட்டார்கள். விமானம் ஏறி, எல்லை தாண்டி வந்தார்கள். வர முடியாதவர்கள் தங்கள் ஊரில் இருந்தபடியே மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

யார் இவர்கள்? வீட்டை விட்டு வெளியே போகாத ஒருவருக்கு இத்தனை நண்பர்கள் எப்படி வந்தார்கள்?

எல்லாரும் விளையாட்டில் கிடைத்தவர்கள்!

வேடம் கட்டும் ஆட்டம்

அந்த விளையாட்டின் பெயர் "வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்". அமெரிக்காவில் பிலிசார்ட் என்ற கம்பெனி செய்தது. 2004-ம் ஆண்டு நவம்பர் மாதம் வெளியிட்டது.

கம்ப்யூட்டரில் தனியாக உட்கார்ந்து விளையாடும் விளையாட்டுகள் உண்டு. இது அப்படி அல்ல. இதில் ஒரு பெரிய உலகமே இருக்கிறது. காடு, மலை, கடல், நகரம் எல்லாம் உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த உலகத்துக்குள் நடமாடுகிறார்கள். ஒருவர் ஜெர்மனியில் இருப்பார். இன்னொருவர் ஸ்பெயினில் இருப்பார். திரையில் இருவரும் ஒரே சாலையில் நடப்பார்கள்.

உள்ளே நுழைகிறவர் முதலில் ஒரு வேடம் கட்ட வேண்டும். கூத்தில் வேடம் கட்டுவது போலத்தான். வீரனாக வேடம் கட்டலாம். மந்திரவாதி ஆகலாம். வைத்தியர் ஆகலாம். முகம், முடி எல்லாம் அவர் விருப்பம். பெயரும் அவர் வைப்பதுதான். கூத்து விடிந்தால் முடிந்து விடும். இந்தக் கூத்து முடிவதே இல்லை. அவர் தூங்கினாலும் அந்த உலகம் நடந்து கொண்டே இருக்கும்.

பணம் வைத்து ஆடும் ரம்மியையும் இதையும் சிலர் ஒன்றாக எண்ணிக் கொள்ளுகிறார்கள். அது சூதாட்டம். இது வேறு.

இதன் பூர்வீகம் இங்கிலாந்தில் இருக்கிறது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் 1978-ம் ஆண்டில் இப்படி ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்டு பார்ட்டில் என்ற மாணவர் அவருடன் சேர்ந்து கொண்டார். அதில் படமே கிடையாது! எல்லாம் எழுத்துதான். "வடக்கே போ" என்று எழுதினால், வடக்கே என்ன இருக்கிறது என்று திரையில் எழுத்து வரும். அதற்கே மாணவர்கள் ராத்தூக்கம் விட்டார்கள். 1997-ல் "அல்டிமா ஆன்லைன்" வந்தது. 1999-ல் "எவர்குவெஸ்ட்" வந்தது. பிறகு வந்த "வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்" எல்லாவற்றையும் மிஞ்சி விட்டது. 2010-ம் ஆண்டில் 1 கோடியே 20 லட்சம் பேர் அதில் சந்தாதாரர்களாக இருந்தார்கள்.

படமே இல்லாத ஆட்டத்துக்கும் கூட்டம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வர்ணப் படத்தைப் பார்த்து மயங்கித்தான் பிள்ளைகள் போகிறார்கள் என்று சொல்லுவது சரி அல்ல.

புறாவும் வாளும்

பிறகு எதற்காகப் போகிறார்கள்?

நிக் யீ என்று ஒரு ஆராய்ச்சியாளர். அமெரிக்காவைச் சேர்ந்தவர். இந்த விளையாட்டுகளை ஆடும் 30 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் பல ஆண்டுகள் கேள்வி கேட்டு விவரம் சேர்த்தார். அவர் கண்ட காரணங்கள் 3 வகை. முன்னேறும் ஆசை ஒன்று. மனிதர்களோடு பழகும் ஆசை ஒன்று. வேறு உலகத்தில் வேறு ஆளாக வாழும் ஆசை ஒன்று.

முன்னேறும் ஆசை எல்லாருக்கும் உள்ளதுதான். வெளி உலகத்தில் உழைப்புக்கு எப்போது பலன் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பையன் இரவு பகலாகப் படிப்பான். பரீட்சையில் மார்க் குறையும். ஒருவர் 20 ஆண்டு உழைப்பார். மானேஜர் அவர் பெயரைக் கூடத் தெரிந்து கொள்ள மாட்டார். விளையாட்டில் அப்படி இல்லை. ஒரு வேலை முடித்தால் உடனே புள்ளி ஏறும். இத்தனை புள்ளி சேர்ந்தால் அடுத்த படி. இன்னும் எவ்வளவு பாக்கி என்று திரையில் ஒரு கோடு காட்டிக் கொண்டே இருக்கும். கணக்கு பிசகாது. சிபாரிசு தேவை இல்லை.

இதில் ஒரு தந்திரமும் இருக்கிறது. அரக்கனைக் கொன்றால் வாள் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கிடைக்காது! எப்போது கிடைக்கும் என்றும் தெரியாது.

ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் இதைப் புறாக்களிடம் சோதித்துப் பார்த்தார். ஒரு பொத்தானைக் கொத்தினால் புறாவுக்குத் தானியம் விழும். கொத்தும்போது எல்லாம் விழுந்து வந்த தானியம் நின்று விட்டால், புறாவும் சீக்கிரம் கொத்துவதை விட்டு விடும். சில வேளை விழும், சில வேளை விழாது என்று வைத்தால், தானியம் நின்ற பிறகும் புறா விடாது. கொத்திக் கொண்டே இருக்கும். அடுத்த கொத்தில் விழுந்து விடாதா?

வாளுக்காக உட்கார்ந்து இருக்கும் வாலிபனும் அப்படித்தான். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பான். மணி 2 அடிக்கும்.

விளையாட்டுக் கம்பெனிக்கு இது நன்றாகத் தெரியும். மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். ஆள் நின்று விட்டால் சந்தாவும் நின்று விடும். ஆகையால் தினமும் வந்து செய்ய வேண்டிய வேலைகளை வைத்தார்கள். நாளைக்கு வந்தால் நாளைக்கு ஒரு பரிசு. இந்த இடத்தில் கம்பெனிகளைப் பாராட்ட முடியாது.

40 பேரில் ஒருவர்

ஆனால் வாளுக்காக மட்டும் ஒருவன் 10 ஆண்டு உட்கார்ந்து இருக்க மாட்டான். புதிய வாள் 2 வாரத்தில் பழைய வாள் ஆகி விடும். ஆளைப் பிடித்து நிறுத்துவது வேறு ஒன்று.

"வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்" வந்த புதிதில் அதில் சில பெரிய அரக்கர்கள் இருந்தார்கள். அவர்களைக் கொல்ல 40 பேர் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவார். அரக்கனுடைய கோபம் எல்லாம் அவர் மேல்தான் இருக்க வேண்டும். பின்னால் நிற்கும் வைத்தியர் அவருடைய காயத்தை ஆற்றிக் கொண்டே இருப்பார். மற்றவர்கள் சுற்றி நின்று தாக்குவார்கள். வைத்தியர் ஒரு நொடி கண் அயர்ந்தால் கேடயக்காரர் விழுந்து விடுவார். கேடயக்காரர் விழுந்தால் 40 பேரும் காலி! மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இதற்காகச் சங்கம் அமைக்கிறார்கள். சங்கத்துக்குத் தலைவர் உண்டு. கொடி உண்டு. சில சங்கங்களில் சேர மனுப் போட வேண்டும். இத்தனாம் தேதி இரவு 8 மணிக்கு எல்லாரும் வந்து சேர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். ஒருவர் வராவிட்டால் மற்ற 39 பேர் காத்து இருப்பார்கள்.

இதுதான் அந்தச் சொக்குப் பொடி!

கடையில் கணக்கு எழுதும் ஒருவர். பள்ளிக்கூடத்தில் பேச்சு வராமல் கூச்சப்படும் ஒரு பையன். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அம்மாள். பகல் முழுவதும் இவர்களை யாரும் தேடுவது இல்லை. இரவு 8 மணிக்கு 39 பேர் தேடுகிறார்கள். "வைத்தியர் எங்கே? வைத்தியர் வந்து விட்டாரா?" என்று கேட்கிறார்கள். அந்த வைத்தியர்தான் அந்தக் கூச்சக்காரப் பையன்.

அவன் சாப்பாட்டை வைத்து விட்டு ஓடுகிறான். தாயாருக்குக் கோபம் வருகிறது. வருவது நியாயம்தான். வெறும் பொம்மைக்காக ஓடுகிறான் என்று தாயார் நினைக்கிறாள். அவனோ தன்னை நம்பி நிற்கும் ஆட்களுக்காக ஓடுகிறான்.

ஊரில் புகுந்த கொள்ளை நோய்

அந்த வேடங்களுக்குள் இருப்பது அசல் மனிதர்கள்தான் என்பதை ஒரு சம்பவம் காட்டியது.

2005-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். "வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட்" விளையாட்டில் புதிதாக ஒரு அரக்கனை வைத்தார்கள். அவன் பெயர் ஹக்கார். அவனோடு சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு ரத்த நோய் ஒட்டிக் கொள்ளும். பக்கத்தில் நிற்பவருக்கும் பரவும். அந்த இடத்தை விட்டு வெளியே வந்தால் நோய் போய் விட வேண்டும். கம்பெனி போட்ட திட்டம் அது.

திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. வீரர்கள் கூட்டிச் சென்ற வளர்ப்பு மிருகங்களிடம் நோய் தங்கி விட்டது. நகரத்தில் அந்த மிருகத்தை மறுபடியும் வரவழைத்ததும் நோய் பரவத் தொடங்கியது. கடைக்காரப் பொம்மைகளுக்கும் ஒட்டிக் கொண்டது. அவை சாகவில்லை. ஆனால் சாமான் வாங்க வந்தவர்களுக்கு எல்லாம் நோயைக் கொடுத்தன. பலசாலிகள் தாக்குப் பிடித்தார்கள். புதிதாக வந்தவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள். தெருக்களில் எலும்புக் குவியல்!

அப்போது ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? வைத்தியர் வேடக்காரர்கள் நகரத்துக்கு ஓடி வந்து முடிந்தவரை காப்பாற்றினார்கள். சிலர் ஊர் எல்லையில் நின்று கொண்டு உள்ளே வராதீர்கள் என்று எச்சரித்தார்கள். சிலர் காட்டுக்கு ஓடினார்கள். நோயை வேண்டும் என்றே கொண்டு போய்ப் பரப்பிய போக்கிரிகளும் உண்டு. வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக் கொண்டவர்களும் உண்டு. நோய் கண்டவர்களைத் தனியாகப் பிரித்து வைக்கக் கம்பெனி முயன்றது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் எந்திரங்களையே நிறுத்தி, திருத்தி, மறுபடியும் ஓட விட வேண்டி வந்தது.

நினா பெப்பர்மன், எரிக் லாப்கிரன் என்ற 2 ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி 2007-ம் ஆண்டில் "லான்செட்" குடும்பத்தைச் சேர்ந்த தொற்று நோய்ப் பத்திரிகையில் எழுதினார்கள். கொள்ளை நோய் வந்தால் மனிதர்கள் எப்படி நடந்து கொள்ளுவார்கள் என்று இதில் பார்க்கலாம் என்றார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பலருக்கு அந்தப் பொம்மை நகரத்தின் நினைவு வந்தது.

2 குழந்தைகள்

இந்தக் கதையின் இருட்டுப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

தென் கொரியாவில் ஒரு தம்பதிகள். அவர்களுக்குக் குறைப் பிரசவத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கணவனும் மனைவியும் இரவு தோறும் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் விடுவார்கள். அங்கே "பிரியஸ் ஆன்லைன்" என்ற விளையாட்டு. அந்த விளையாட்டில் ஒரு பொம்மைச் சிறுமியை வளர்க்க வேண்டும். மணிக்கணக்காக உட்கார்ந்து அவளை வளர்த்தார்கள். வீட்டில் இருந்த குழந்தைக்கு 3 மாதம். நேரத்துக்குப் பால் கொடுக்க ஆள் இல்லை. 2009-ம் ஆண்டில் அது பட்டினியால் இறந்து போயிற்று. 2010-ல் பெற்றோரைப் போலீசார் கைது செய்தார்கள். கோர்ட்டு தண்டித்தது.

பொம்மைச் சிறுமி அவர்களிடம் பிரியமாக இருந்தாள். அவர்கள் செய்ததற்கு எல்லாம் உடனே பலன் காட்டினாள். அசல் குழந்தை ராத்திரி முழுவதும் அழும். காரணம் சொல்லத் தெரியாது. எது சுலபமோ அங்கே அவர்கள் போய் விட்டார்கள்.

மேட்சை வாழ வைத்த கவர்ச்சியும் இந்தக் குழந்தையைக் கொன்ற கவர்ச்சியும் வேறு வேறு அல்ல. "நீ இங்கே வேண்டும்" என்று யாரோ சொல்லுவதுதான் அது. போவதற்கு வேறு இடம் இல்லாதவருக்கு அது கை கொடுக்கிறது. கடமையை விட்டு ஓடுகிறவருக்கு ஒளிந்து கொள்ள இடம் கொடுக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நாற்காலி, திரை, அதன் முன்னால் ஒரு ஆள்.

கடிகாரம் பிடித்த சர்க்கார்கள்

தென் கொரிய சர்க்கார் 2011-ம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது. பிள்ளைகள் தகப்பனார் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள்! அதற்குள் செல்போன் விளையாட்டுகள் வந்து விட்டன. சட்டம் அவற்றைத் தொடவில்லை. 10 ஆண்டு கழித்து, 2021-ல், சட்டத்தை ரத்து செய்வது என்று சர்க்காரே முடிவு செய்தது.

அதே ஆண்டில் சீனா இன்னும் கடுமையாக விதி போட்டது. 18 வயது ஆகாதவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் விளையாட்டு. அதுவும் இரவு 8 மணி முதல் 9 மணி வரைதான்.

கடிகாரத்துக்கு மணி மட்டும்தான் தெரியும். பையன் எதற்காக அங்கே போகிறான் என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்து கொள்ள வேண்டியவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

எல்லை எங்கே என்று டாக்டர்கள் சொல்லி இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்பதை 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. எத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அது கணக்குச் சொல்லவில்லை. வேறு 3 அடையாளங்களைச் சொன்னது. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் போவது. சாப்பாடு, படிப்பு, வேலை, உறவு எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு வந்து விடுவது. கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்ந்து ஆடுவது. பெரும்பாலும் ஒரு ஆண்டாவது இப்படி நீடித்தால்தான் கோளாறு என்று சொல்லுவார்கள்.

பரீட்சை முடிந்த மறுநாள் 6 மணி நேரம் ஆடும் பையனுக்கு நோய் இல்லை. தினமும் 2 மணி நேரம்தான் ஆடுகிறான், ஆனால் நண்பர்களை எல்லாம் விட்டு விட்டான், சாப்பாடு இறங்கவில்லை என்றால், அந்தப் பையனைப் பார்த்துத்தான் வீடு கவலைப்பட வேண்டும். விளையாட்டுக்கு முன்னாலேயே அவனுக்கு ஏதோ நடந்து இருக்கலாம்.

கேட்காத கேள்வி

பெற்றோர்கள் 2 கேள்விதான் கேட்கிறார்கள். "எவ்வளவு நேரம் ஆடினாய்?" "எப்போது நிறுத்துவாய்?" இரண்டும் அவசியமான கேள்விகளே. சிறு பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு கட்டாயம் வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் வரும் இடம் அது. கெட்டவர்களும் வருவார்கள். பெயர், ஊர், பள்ளிக்கூடம், போட்டோ எதையும் அங்கே கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைக்க வேண்டும்.

ஆனால் 3-வது கேள்வி ஒன்று இருக்கிறது. "யாரோடு ஆடுகிறாய்?"

இதை அதட்டிக் கேட்டால் பதில் வராது. பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும். அந்த வேடத்துக்கு என்ன பெயர், அந்தக் கேடயக்காரர் எந்த ஊர், இன்றைக்கு ஏன் தோற்றீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பிள்ளை முதலில் சந்தேகமாகப் பார்ப்பான். பிறகு பேசத் தொடங்குவான். அவனை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும்! ஒரு மணி நேரம் இப்படி உட்கார்ந்தால், அவன் வாழப் போகிறானா, ஒளியப் போகிறானா என்று பெற்றவர்களுக்குத் தெரிந்து விடும்.

மேட்சின் தகப்பனார் பிறகு சொன்னது இதுதான். மகன் அவ்வளவு நேரம் செலவிட்ட உலகத்தைத் தாங்கள் இன்னும் அக்கறையோடு கவனித்து இருக்க வேண்டும் என்றார். மகனுக்கு எந்தக் குறையும் வைக்காத தகப்பனார் அவர். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தபோது பதில் சொல்ல மகன் இல்லை.

ஓடிய மனிதர்

விளையாட்டில் மேட்சின் பெயர் ஐபெலின். நல்ல உயரம். கட்டான உடம்பு. துப்பறியும் நிபுணர் வேடம். "ஸ்டார்லைட்" என்ற சங்கத்தில் அவர் உறுப்பினர். "நட்சத்திர ஒளி" என்று அர்த்தம். ஏறக்குறைய 30 பேர் கொண்ட சிறிய சங்கம் அது.

அங்கே ஒரு நாள் ஒரு பெண் அவருடைய தொப்பியைப் பிடுங்கிக் கொண்டு ஓடினாள். அந்த வேடத்துக்குள் இருந்தது நெதர்லாந்து நாட்டுப் பெண். இருவரும் சினேகம் ஆனார்கள். பிறகு ஒரு சமயம் அந்தப் பெண்ணின் பெற்றோர் கம்ப்யூட்டரைப் பறித்து விட்டார்கள். படிப்பு கெடுகிறது என்ற கவலை. அவள் மனம் உடைந்து போனாள். மேட்ஸ் அவள் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். நண்பர்களோடு இருப்பது அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அதில் விளக்கினார்.

டென்மார்க்கில் ஒரு தாயார். மகனுக்கு ஆட்டிசம். தொட்டால் தாங்க மாட்டான். அவனைக் கட்டி அணைக்க முடியவில்லையே என்று தாயாருக்கு ஏக்கம். மகன் இருக்கும் விளையாட்டுக்குள் அவனோடு சேர்ந்து பழகும்படி மேட்ஸ் யோசனை சொன்னார். அங்கே அந்த வேடங்கள் ஒன்றை ஒன்று கட்டி அணைத்தன. பிறகு வீட்டிலும் அந்த நெருக்கம் வந்தது.

மேட்ஸ் எல்லா நாளும் நல்லவராக இருந்தார் என்று சொல்ல முடியாது. சிடுசிடுப்பார். நண்பர்களைப் புண்படுத்தியும் இருக்கிறார். தன் நோயைப் பற்றி மட்டும் பல ஆண்டுகள் அவர் வாய் திறக்கவில்லை. அங்கே யாரும் அவரைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை. அது அவருக்குப் பிடித்து இருந்தது. கடைசிக் காலத்தில்தான், தான் எழுதி வந்த பக்கத்தின் மூலம் உண்மையைத் தெரிவித்தார்.

சங்கத்தில் பேசிய பேச்சு, செய்த செய்கை எல்லாம் எழுத்தில் பதிவாகி இருந்தன. 42 ஆயிரம் பக்கங்கள்! அவற்றை வைத்து பெஞ்சமின் ரீ என்ற நார்வே டைரக்டர் ஒரு படம் எடுத்தார். 2024-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் படவிழாவில் அது பரிசு பெற்றது. விளையாட்டுக் கம்பெனியும் அந்த உலகத்துக்குள் ஐபெலினுக்கு ஒரு கல்லறை அமைத்தது.

அவருக்குப் பிடித்த காரியம் ஒன்று உண்டு. விளையாட்டுக்குள் வந்ததும் அவர் முதலில் ஓடுவார். சண்டைக்கு அல்ல. புள்ளிக்கு அல்ல. மரங்களுக்கு நடுவே, சாலை வழியே சும்மா ஓடுவார்.

அவர் இறந்த பிறகு, நினைவு நாளில் சங்கத்தார் கூடும் வழக்கம் ஏற்பட்டது. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். உள்ளே ஓர் இடத்தில் வந்து சேருவார்கள். பிறகு எல்லாருமாக ஓடுவார்கள்.